நேர்காணலோடு முடிந்துவிட வேண்டாம் அந்த அறிமுகம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாவட்டந்தோறும் நடைபெறும் தனியார் துறை வேலைவாய்ப்பு முகாம்களைப் பற்றிய செய்திகளைத் தங்கள் நாளிதழ் தொடர்ந்து வெளியிட்டு வருகிறது. எத்தனை நிறுவனங்கள் வந்தன, எத்தனை பேர் கலந்துகொண்டனர், எத்தனை பேருக்குப் பணி நியமன ஆணை வழங்கப்பட்டது என்ற மூன்று விவரங்களும் அச்செய்திகளில் தவறாமல் இடம்பெறுகின்றன. ஆணை பெறாமல் வீடு திரும்பியவர்களைப் பற்றி ஒரு வரியும் இருப்பதில்லை. அது செய்தியாளர்களின் குறையன்று. முகாமை நடத்துகிறவர்களும், வந்திருந்த நிறுவனங்களும், திரும்பிச் சென்ற இளைஞர்களுமே அந்தச் சந்திப்பு அன்றோடு முடிந்துவிட்டதாகத்தான் கருதுகிறார்கள். கோவையில் பம்பு, மோட்டார் உதிரிபாகங்கள் தயாரிக்கும் தொழிற்சாலை ஒன்றின் மனிதவளப் பிரிவில் நெடுங்காலம் பணியாற்றி, நேர்காணல் மேசையின் மறுபக்கத்தில் அமர்ந்திருந்தவன் என்ற முறையில், அந்த எண்ணம் இரு தரப்புக்கும் பெரும் இழப்பைத் தந்துவருகிறது என்பதை இக்கடிதத்தில் விளக்க விரும்புகிறேன்.

ஒரு நேர்காணலில் உண்மையில் என்ன நடக்கிறது என்பதைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். உற்பத்திப் பிரிவின் தலைவர், தரக்கட்டுப்பாட்டு மேலாளர், மனிதவள அலுவலர் ஆகியோர் தங்கள் அன்றாட வேலையை நிறுத்திவிட்டு, ஓர் இளைஞரின் எதிரே அமர்ந்து, அவர் என்ன படித்தார், கல்லூரியில் எந்தப் புராஜெக்ட் செய்தார், அதில் எந்தப் பகுதி அவருடைய சொந்த உழைப்பு, எந்த இயந்திரத்தில் கை வைத்துப் பழகியிருக்கிறார் என்று அரை மணி நேரம் கேட்டறிகிறார்கள். இருபது ஆண்டுகள் ஒரு தொழிலில் ஊறியவர்களின் முழுக் கவனமும் அந்த அரை மணி நேரம் அவர் ஒருவர் மீதே இருக்கிறது. வேலை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், அறையை விட்டு வெளியே வரும்போது அந்தத் தொழிலைச் சேர்ந்த மூன்று பேருக்கு அவரைத் தெரியும். அவருக்கும் அம்மூவரையும் தெரியும்.

தந்தை பொறியாளராகவோ, சித்தப்பா ஒரு நிறுவனத்தில் மேலாளராகவோ இருக்கும் குடும்பத்துப் பிள்ளைக்கு இது பெரிய செய்தியாகத் தோன்றாமல் இருக்கலாம். அவர்கள் வீட்டுக் கல்யாணங்களிலேயே தொழில்துறை மனிதர்கள் வந்து உட்கார்ந்திருப்பார்கள். அரூரிலிருந்தோ திருத்துறைப்பூண்டியிலிருந்தோ பேருந்து ஏறிக் கோவைக்கு வரும் பிள்ளையின் நிலை வேறு. அவருடைய உறவினர்களில் தொழிற்சாலையின் அலுவலகப் பகுதிக்குள் கால் வைத்தவர் ஒருவரும் இல்லாமலிருக்கலாம். 2021-22ஆம் ஆண்டுக்கான அகில இந்திய உயர்கல்வி ஆய்வின்படி, உயர்கல்வியில் சேர்வோர் விகிதம் நாடு முழுவதற்கும் 28.4 சதவீதமாக இருக்க, தமிழ்நாட்டில் அது 47 சதவீதம். முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்குத் தொழிற்கல்வியில் கல்விக் கட்டணச் சலுகை 2010-11 முதல் வழங்கப்பட்டு வருகிறது. இப்படிப் படிக்க வைத்துவிட்டோம். பட்டத்தையும் கையில் கொடுத்துவிட்டோம். ஆனால் தொழிலில் நாலு பேரைத் தெரிந்து வைத்திருப்பது என்ற செல்வத்தை எந்த அரசாணையாலும் வழங்க முடியாது. அத்தகைய பிள்ளைகளுக்கு அந்தச் செல்வம் நேர்மையான வழியில், தம் சொந்தத் தகுதியால், முதன்முதலாகக் கிடைக்கும் இடம் நேர்காணல் அறைதான்.

இந்த அறிமுகங்களின் மதிப்பை மிகையாகச் சொல்கிறேனோ என்று சிலர் ஐயுறக்கூடும். அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரனோவெட்டர் 1973இல் வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வுக் கட்டுரை இதைப் பற்றியதே. பாஸ்டனுக்கு அருகிலுள்ள நியூட்டன் நகரில், புதிய வேலையில் சேர்ந்திருந்த தொழில்நுட்ப, நிர்வாகப் பணியாளர்களைச் சந்தித்து, யார் மூலம் அவர்களுக்கு வேலை கிடைத்தது என்று அவர் விசாரித்தார். தெரிந்தவர் ஒருவர் மூலம் வேலையைப் பெற்றவர்களிடம், வேலை கிடைத்த காலத்தில் அந்த நபரை எவ்வளவு அடிக்கடி சந்தித்து வந்தீர்கள் என்றும் கேட்டார். அடிக்கடி சந்தித்ததாகச் சொன்னவர்கள் ஏறத்தாழ 17 சதவீதத்தினர் மட்டுமே. எப்போதாவது சந்தித்ததாகச் சொன்னவர்கள் சுமார் 56 சதவீதம். ஆண்டுக்கு ஒருமுறையோ அதற்கும் குறைவாகவோ சந்தித்தவர்கள் 28 சதவீதம். நெருங்கிய நண்பருக்குத் தெரிந்த செய்தி பெரும்பாலும் நமக்கும் தெரிந்ததாகவே இருக்கிறது. நாம் புழங்காத வட்டத்தில் புழங்குகிறவர்தான் நமக்குத் தெரியாத செய்தியைக் கொண்டுவருகிறார்.

ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்குப் பிறகு, 2022இல் 'சயின்ஸ்' இதழில் வெளியான ஆய்வு இதே கேள்வியை லிங்க்ட்இன் தளத்தின் 2 கோடி பயனர்களிடையே 5 ஆண்டுகள் சோதித்துப் பார்த்தது. முற்றிலும் அந்நியர்போல் இருப்பவரைக் காட்டிலும், மிக நெருங்கியவரைக் காட்டிலும், இடைப்பட்ட தொலைவில் உள்ள அறிமுகமே வேலை மாற்றத்துக்கு மிகுதியாக உதவியது என்பது அதன் முடிவு. கணினி சார்ந்த துறைகளில் தூரத்து அறிமுகங்களின் பயன் கூடுதலாகவும், கணினியின் பங்கு குறைந்த துறைகளில் நெருக்கமான உறவுகளின் பயன் கூடுதலாகவும் இருந்தன என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நம் வார்ப்படச் சாலைகளிலும் நூற்பாலைகளிலும் இன்றும் மாமன் மச்சான் மூலமாகவே ஆள் சேர்வதைப் பார்க்கிறவர்களுக்கு இது வியப்பளிக்காது. ஆனால் அந்த வட்டத்துக்கு வெளியே பிறந்த பிள்ளை உள்ளே வருவதற்கு, நேர்காணலில் கிடைத்த அறிமுகத்தைத் தவிர வேறென்ன வழி இருக்கிறது?

இவ்வளவு அரிதான ஒன்றை நாம் எப்படி நடத்துகிறோம் என்பதுதான் என் வருத்தம். "தகவல் சொல்லி அனுப்புகிறோம்" என்று நேர்காணலின் முடிவில் சொல்லாத நிறுவனம் கிடையாது. அதன்படி உண்மையிலேயே தகவல் சொல்லி அனுப்பும் நிறுவனங்களோ மிகக் குறைவு. தேர்வானவருக்கு மறுநாளே தொலைபேசி அழைப்பு செல்கிறது. தேர்வாகாதவருக்கு வாரங்கள் கடந்தாலும் ஒரு சொல் வருவதில்லை. அவர் அழைத்துக் கேட்டாலோ, வரவேற்பறையில் இருப்பவர் "சார் மீட்டிங்கில் இருக்கிறார்" என்கிறார். நம் குடும்பங்களில் வரன் பார்க்கும்போதுகூட, ஜாதகம் பொருந்தவில்லை என்றால் அதைத் திருப்பிக் கொடுத்து, பக்குவமாக ஒரு வார்த்தை சொல்லி அனுப்புவது வழக்கம். அதனால்தான் அந்த இரு குடும்பங்களும் பிறகு ஒரு விசேஷத்தில் எதிரெதிரே அமர்ந்து முகம் பார்த்துப் பேச முடிகிறது. பல கோடி ரூபாய்க்கு வணிகம் செய்யும் நிறுவனங்களுக்கு அந்த மரியாதை ஏன் கைவரவில்லை என்பது எனக்கு விளங்கவில்லை.

இதை மரியாதை தொடர்பான செய்தியாக மட்டும் கருதவும் வேண்டாம். கோவை போன்ற தொழில் நகரத்தில் ஒரு நிறுவனம் தனித்து இயங்குவதில்லை. வார்ப்படம் ஓரிடத்தில், கடைசல் வேலை ஓரிடத்தில், முலாம் பூசுவது வேறோர் இடத்தில் என்று ஜாப் ஒர்க் மூலமாகவே ஒரு பம்பு உருவாகிறது. இன்று நாம் வேண்டாம் என்று அனுப்பியவர் நாளை நமக்கு உதிரிபாகம் தருபவரிடத்தில் தரம் பார்க்கும் பணியில் இருப்பார். அல்லது நம்மிடம் பொருள் வாங்குபவரின் கொள்முதல் பிரிவில் இருப்பார். எங்கள் தொழிற்சாலையில் தர ஆய்வாளர் பணிக்கு வந்த ஓர் இளைஞருக்கு அளவுக் கருவிகளில் நல்ல பழக்கம் இருந்தது. வரைபடத்தில் குறிக்கப்படும் வடிவ விலகல் குறியீடுகளைப் படிப்பதில்தான் தடுமாறினார். அந்த இடத்துக்கு வேறொருவரை எடுத்தோம். தேர்வாகாத அந்த இளைஞரிடம் காரணத்தை மறைக்காமல் சொல்லி, எந்தப் பாடத்தைப் படிக்க வேண்டும், எங்கு மாலை வகுப்பு நடக்கிறது என்பதையும் எங்கள் தர மேலாளர் சொன்னார். அவர் அதைப் படித்து முடித்ததும் இரண்டு வரிகளில் எங்களுக்கு எழுதினார். அப்போது எங்களிடம் காலியிடம் இல்லை; எங்களுக்கு வார்ப்படம் தரும் நிறுவனத்தில் இருந்தது. அங்கே அவர் சேர்ந்த பிறகு, ஒவ்வொரு லோடிலும் எழுந்த தகராறுகள் பெருமளவு குறைந்தன. எங்கள் வரைபடம் எதைக் கேட்கிறது, எங்கள் ஆய்வு மேசையில் எதைப் பார்ப்பார்கள் என்பதை அறிந்த ஒருவர் அந்தப் பக்கம் இருந்ததே காரணம். எங்கள் தர மேலாளர் அவருக்காகச் செலவிட்ட சில நிமிடங்களின் பலனை நிறுவனம் பல ஆண்டுகள் அனுபவித்தது.

காலியிடம் ஒன்று திடீரென ஏற்படும்போது கன்சல்டன்சிகளுக்குக் கட்டணம் கொடுத்து ஆள் தேடுகிற நிறுவனங்கள், முந்தைய நேர்காணலில் இரண்டாவது, மூன்றாவது இடத்தில் இருந்தவர்களின் பெயர்கள் தங்கள் கோப்பிலேயே தூங்குகின்றன என்பதை நினைப்பதில்லை. அவர்கள் ஏற்கெனவே சோதித்துப் பார்க்கப்பட்டவர்கள். தொழிற்சாலை எங்கே இருக்கிறது, ஷிப்ட் எப்படி, சம்பளம் எவ்வளவு என்பதெல்லாம் தெரிந்தவர்கள். அவர்களைப் பற்றிய குறிப்புகளை வைத்திருப்பதற்கு அவர்களுடைய ஒப்புதலைக் கேட்டுப் பெற வேண்டும். தனிநபர் விவரங்களைக் கையாள்வதற்கு ஒப்புதலை அடிப்படையாக வைத்து 2023இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேற்றப்பட்ட நாட்டில், விண்ணப்பப் படிவத்திலேயே "எதிர்கால வாய்ப்புகளுக்காக என் விவரங்களை வைத்திருக்கலாம்" என்ற ஒரு வரியைச் சேர்ப்பது கடினமான காரியமன்று.

நேர்காணலுக்கு வருகிறவர்களின் பக்கமும் பேச வேண்டியது உண்டு. நேர்காணல் முடியும் தறுவாயில் "எங்களிடம் கேட்க ஏதாவது இருக்கிறதா?" என்று நாங்கள் கேட்போம். பெரும்பாலான இளைஞர்கள் "ஒன்றும் இல்லை சார்" என்று எழுந்துவிடுவார்கள். அடக்கம் என்று எண்ணி அவர்கள் அப்படிச் சொல்கிறார்கள் என்பதை நான் அறிவேன். பெரியவர்களிடம் எதிர்க்கேள்வி கேட்கக் கூடாது என்று வளர்க்கப்பட்டவர்கள் அவர்கள். ஆயினும் அந்தக் கேள்வி சம்பிரதாயமாகக் கேட்கப்படுவதன்று. "இந்தப் பணியில் சேர்பவர் முதல் ஆறு மாதத்தில் எதைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று எதிர்பார்க்கிறீர்கள்?" என்றோ, "உங்கள் பிரிவில் இப்போது அதிகமாகச் சிரமம் தரும் வேலை எது?" என்றோ ஒருவர் கேட்டால், மேசையின் இந்தப் பக்கம் இருப்பவர் உடனே தம் தொழிலைப் பற்றி மனம் திறந்து பேசத் தொடங்குவார். கேள்வி பதில் என்ற நிலை மாறி, ஒரே தொழிலைச் சேர்ந்த இருவரின் உரையாடலாக அது ஆகிவிடும். அப்படிப் பேசியவரின் முகம் எங்களுக்கு மறப்பதில்லை.

நேர்காணல் முடிந்த ஓரிரு நாட்களுக்குள் ஒரு மின்னஞ்சல் எழுத வேண்டும். ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும் என்பதில்லை. அந்த அறையில் எந்த மொழியில் பேசினார்களோ அந்த மொழியிலேயே எழுதலாம். இணையத்தில் கிடைக்கும் மாதிரிக் கடிதத்தைப் பெயரை மட்டும் மாற்றி அனுப்பினால் படிப்பவருக்கு அது தெரிந்துவிடும். நேரம் ஒதுக்கியதற்கு நன்றி, பேசிய செய்திகளில் தமக்குப் பயன்பட்ட ஒன்று, அங்கே தடுமாறிய கேள்விக்குப் பிறகு படித்துத் தெரிந்துகொண்ட விடை ஆகிய மூன்றும் ஐந்தாறு வரிகளில் அடங்கிவிடும். தடுமாறிய கேள்வியின் விடையைத் தேடிப் படித்து எழுதியவர்களை நான் மிகச் சிலரைத்தான் பார்த்திருக்கிறேன். அவர்களைப் பற்றி மற்ற நிறுவனத்து நண்பர்களிடம் நானாகவே பேசியிருக்கிறேன்.

தேர்வாகவில்லை என்ற பதில் வந்த பிறகு எழுதும் கடிதம் இன்னும் முக்கியமானது. மனம் நொந்திருக்கும் வேளையில் அதை எழுதுவது எளிதன்று. "தங்கள் முடிவை ஏற்றுக்கொள்கிறேன். இந்தப் பணிக்கு என்னிடம் இன்னும் எது வேண்டும் என்று தாங்கள் கருதுகிறீர்கள் என்பதைச் சொன்னால் என்னைத் திருத்திக்கொள்ள உதவும்" என்ற அளவில் எழுதினால் போதும். ஏன் என்னை எடுக்கவில்லை, என்னைவிடக் குறைந்த மதிப்பெண் பெற்றவரை எப்படி எடுத்தீர்கள் என்று வாதிட்டால், பதில் சொல்ல நினைத்தவரும் வாயை மூடிக்கொள்வார். அதன் பிறகு ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை, சொல்வதற்கு உண்மையிலேயே ஏதாவது இருக்கும்போது, ஒரு சான்றிதழ்ப் படிப்பை முடித்தபோதோ வேறிடத்தில் வேலைக்குச் சேர்ந்தபோதோ எழுதினால் அந்த அறிமுகம் உயிரோடு இருக்கும். நாள்தோறும் காலை வணக்கப் படங்களையும் பண்டிகை வாழ்த்துகளையும் வாட்ஸ்ஆப்பில் அனுப்புவதைத் தொடர்பு என்று பலர் நம்புகிறார்கள். வேலைப் பளுவில் இருக்கும் ஒருவர் முதல் வாரத்திலேயே அந்த எண்ணை முடக்கிவிடுவார். பிறகு அவசியமான செய்தியும் அவரைச் சென்றடையாது.

வேலை கிடைத்துவிட்ட இளைஞர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பணி நியமன ஆணையைப் பெற்றுக்கொண்டு, சேர வேண்டிய நாளன்று கைப்பேசியை அணைத்துவிட்டு, வேறு நிறுவனத்தில் போய்ச் சேர்கிற பழக்கம் பெருகிவருகிறது. மேலான வாய்ப்பு வந்தால் அதை ஏற்பது அவர்களுடைய உரிமை. எந்த மேலாளரும் தம் சொந்த மகனுக்கு அதைத்தான் அறிவுறுத்துவார். ஒரு நாள் முன்னதாக அழைத்து உள்ளதைச் சொல்லிவிட்டால், நிறுவனம் அடுத்தவரை அழைத்துக்கொள்ளும். சொன்னவர் மீதும் மதிப்புக் குறையாது. எங்களிடம் தேர்வான பெண் ஒருவர், வீட்டுச் சூழலால் இரவு ஷிப்டுக்கு வர இயலாது என்பதை வெளிப்படையாகச் சொல்லி விலகிக்கொண்டார். பிறகு வேறு நிறுவனத்தில் வடிவமைப்புப் பிரிவில் சேர்ந்த அவர், அடுத்தடுத்த ஆண்டுகளில் தம் கல்லூரியில் படித்த தகுதியான இளையவர்களைப் பற்றி எங்களுக்குத் தெரிவித்தார். அவர் சொல்லி வந்தவர்கள் நேர்காணலில் மற்றவர்களைப் போலவே சோதிக்கப்பட்டார்கள். ஆனால் அவர்கள் ஒருவரும் ஆணையை வாங்கிக்கொண்டு காணாமல் போகவில்லை.

இந்த இடத்தில் சிபாரிசு என்ற சொல் பலருக்கு நினைவு வரும். தெரிந்தவர் மூலம் வேலை என்றாலே நம் ஊரில் அது சாதி, சொந்தம், கட்சி, பணம் என்றுதான் பொருள்படுகிறது; அந்த வழியால் வாய்ப்பிழந்தவர்களின் கோபம் முற்றிலும் நியாயமானது. மத்திய அரசின் பிரிவு 'சி' பணிகளுக்கும் அரசிதழ்ப் பதிவு பெறாத பிரிவு 'பி' பணிகளுக்கும் 2016 ஜனவரி 1 முதல் நேர்காணலே நீக்கப்பட்டதற்கும் இத்தகைய அச்சமே காரணமாக இருந்தது. நான் சொல்லும் உறவு அதற்கு நேர்மாறான இடத்தில் தொடங்குகிறது. சிபாரிசு செய்பவர் வேலை தெரியாதவருக்காகவும் பேசுவார். பிறப்பாலோ கடமைப்பாட்டாலோ வந்த உறவுக்கு அவர் கட்டுப்பட்டவர். நேர்காணலில் அறிமுகமானவர் தாம் கேட்ட கேள்விக்கு எதிரே இருந்தவர் என்ன பதில் சொன்னார் என்பதை வைத்து மட்டுமே பேசுவார். அவரால் காலியிடம் இருக்கிறது என்ற செய்தியைச் சொல்ல முடியும். எதைப் படிக்க வேண்டும் என்று வழிகாட்ட முடியும். இவரைக் கூப்பிட்டுப் பாருங்கள் என்று இன்னொரு நிறுவனத்துக்குச் சொல்ல முடியும். அதற்கு மேல் கேட்பதும் தவறு, செய்வதும் தவறு. சொந்தபந்தம் இல்லாதவர்களுக்கு இந்த நேர்மையான வழியையும் அடைத்துவிட்டோமானால், சிபாரிசு மட்டும்தான் மிஞ்சும்.

பெண்களின் பாதுகாப்பைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். தொடர்பில் இருங்கள் என்ற சொல்லைத் தவறாகப் பயன்படுத்துகிறவர்கள் எல்லாத் துறைகளிலும் இருக்கிறார்கள். விண்ணப்பத்தில் இருக்கும் கைப்பேசி எண்ணை எடுத்து, இரவில் தனிப்பட்ட முறையில் செய்தி அனுப்பும் தேர்வாளரின் செயல் தொழில்முறை உறவு ஆகாது. அது குற்றத்தின் வாசல். பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டம், பாதிக்கப்பட்ட பெண் அந்த நிறுவனத்தில் பணியில் இருப்பவராக இருந்தாலும் இல்லாவிட்டாலும் பாதுகாப்பு அளிக்கிறது. எனவே நேர்காணலுக்கு வந்த பெண்ணும் அந்நிறுவனத்தின் உள்ளகப் புகார்க் குழுவை அணுகலாம். இதை நேர்காணல் அழைப்புக் கடிதத்திலேயே அச்சிட்டுத் தெரிவிக்க வேண்டும். கடிதப் போக்குவரத்து எல்லாம் நிறுவனத்தின் அலுவலக மின்னஞ்சல் வழியாக, மனிதவளப் பிரிவுக்கும் ஒரு படி செல்லும் வகையில் நடந்தால், பெரும்பாலான தொல்லைகள் முளையிலேயே கிள்ளப்படும். ஆண்களுக்கும் அதுவே நல்லது.

கல்லூரிகளின் வேலைவாய்ப்புப் பிரிவுகளில் ஒரு விதி இருக்கிறது. வளாக நேர்காணலுக்கு வரும் நிறுவனத்தாரை மாணவர்கள் நேரடியாகத் தொடர்புகொள்ளக் கூடாது. எதுவானாலும் வேலைவாய்ப்பு அலுவலர் வழியாகத்தான் செல்ல வேண்டும். ஒரே நாளில் ஐந்நூறு மாணவர்களைச் சந்திக்கும் அதிகாரியை எல்லோரும் அழைக்கத் தொடங்கினால் என்ன ஆகும் என்ற கவலையில் பிறந்த விதி அது. முடிவு வெளியாகும் வரை அது இருக்கட்டும். முடிவு வெளியான பிறகும் அதே தடையை வைத்திருப்பதில் எந்த நியாயமும் இல்லை. நிறுவனத்தோடு உள்ள உறவு கல்லூரிக்குச் சொந்தமாகிவிடுகிறது. மாணவர் பட்டத்தோடு வெளியேறும்போது அவருடைய கையில் ஒருவருடைய பெயரும் இருப்பதில்லை. 2022 மார்ச் 1 அன்று தொடங்கப்பட்ட 'நான் முதல்வன்' திட்டத்தின் கீழ் மாணவர்களுக்குத் திறன் பயிற்சி வழங்கப்படுகிறது. நேர்காணலை எதிர்கொள்வது எப்படி என்று பல கல்லூரிகளிலும் வகுப்புகள் நடக்கின்றன. உடை, கைகுலுக்கல், தன்னறிமுகம் ஆகியவற்றுக்குச் செலவிடும் நேரத்தில் ஒரு பகுதியை, நேர்காணலுக்கு மறுநாள் என்ன எழுதுவது, ஓராண்டு கழித்து என்ன எழுதுவது என்பதற்குத் தந்தால் முதல் தலைமுறை மாணவர்களுக்குப் பேருதவியாக இருக்கும்.

தேர்வாகாதவர்களின் மதிப்பை உணர்ந்து செயல்பட்ட முன்மாதிரி நம் நாட்டிலேயே இருக்கிறது. மத்திய அரசுப் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் குடிமைப் பணித் தேர்வில் மொத்தமுள்ள 2025 மதிப்பெண்களில் நேர்காணலுக்கு 275. முதன்மைத் தேர்வு வரை கடந்து நேர்காணலுக்கும் சென்று, இறுதிப் பட்டியலில் இடம்பெறாதவர்கள் ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்களில் விருப்பம் தெரிவிப்பவர்களின் விவரங்களை மற்ற நிறுவனங்கள் அறியும்படி வெளியிடும் திட்டத்தை ஆணையம் 2018இல் தொடங்கியது. இப்போது 'பிரதிபா சேது' என்ற பெயரில், தனியார் நிறுவனங்களும் பதிவுசெய்து பயன்படுத்தும் இணையதளமாக அது விரிவடைந்திருக்கிறது. நேர்காணல் வரை வந்த ஒருவர் அங்கே இடம் பெறாவிட்டாலும் இன்னோரிடத்துக்குத் தகுதியானவரே என்பதை நாட்டின் மிகக் கடுமையான தேர்வை நடத்தும் அமைப்பே ஏற்றுக்கொண்டிருக்கும்போது, நம் தொழிற்பேட்டைகள் ஏற்கத் தயங்குவது ஏன்?

பதில் அனுப்புவதைச் சட்டக் கடமையாகவே ஆக்கிய இடமும் உண்டு. ஈழத் தமிழர்கள் பெருந்தொகையாக வாழும் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், 25 அல்லது அதற்கு மேற்பட்ட பணியாளர்களைக் கொண்ட நிறுவனங்கள், பொதுவில் விளம்பரம் செய்த பணியிடத்துக்கு நேர்காணல் நடத்தினால், கடைசி நேர்காணல் முடிந்த 45 நாட்களுக்குள் அந்த இடத்துக்கு முடிவெடுத்துவிட்டோமா இல்லையா என்பதை நேர்காணலுக்கு வந்தவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற விதி 2026 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ளது. அதற்கு ஏங்கும் நிலையில்தான் நம் இளைஞர்கள் இருக்கிறார்கள் என்றாலும், இங்கே உடனடியாக ஒரு சட்டம் வேண்டும் என்று நான் கோரவில்லை. பத்துப் பேர் வேலை செய்யும் பட்டறைக்கும் பத்தாயிரம் பேர் வேலை செய்யும் ஆலைக்கும் ஒரே சட்டத்தைப் போட்டால் சிறியவர்கள்தான் வதைபடுவார்கள். மேலும், சட்டத்துக்குப் பயந்து அனுப்பும் பதிலில் ஒரு வரிக்கு மேல் இருக்காது. உறவை வளர்ப்பது அந்த ஒரு வரிக்கு அப்பால் எழுதப்படுவதுதான்.

சட்டமின்றியே செய்யக்கூடியவை இருக்கின்றன. முகாம்களை நடத்தும் மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையங்கள், பங்கேற்கும் நிறுவனங்களிடம் காலியிட விவரத்தைக் கேட்டு வாங்கும்போதே, நேர்காணல் செய்த அனைவருக்கும் ஒரு மாதத்துக்குள் முடிவைத் தெரிவிப்போம் என்ற உறுதிமொழியையும் எழுதி வாங்கலாம். தேர்வாகாத ஒவ்வொருவரைப் பற்றியும் "இன்ன பயிற்சி பெற்றால் பொருத்தமானவர்" என்று நிறுவனத்தார் ஒரு வரி எழுதித் தந்தால், அடுத்து அவரை எந்தப் பயிற்சிக்கு அனுப்புவது என்பது அந்த மையங்களுக்கும் தெளிவாகும். இப்போது அந்த அறிவெல்லாம் மாலையில் மேசைகளை மடக்கும்போது நிறுவனத்தாருடனேயே காரில் ஏறிப் போய்விடுகிறது.

கோவை, திருப்பூர், ஓசூர், திருப்பெரும்புதூர் பகுதிகளின் தொழில் அமைப்புகளுக்கு இன்னும் பெரிய பொறுப்பு இருக்கிறது. ஆள் கிடைக்கவில்லை, கிடைத்தாலும் நிலைப்பதில்லை என்று அவர்கள் ஒவ்வொரு கூட்டத்திலும் கவலை தெரிவிக்கிறார்கள். அந்தக் கவலை உண்மையானது என்பதை அனுபவத்தில் அறிவேன். தம் உறுப்பினர்கள் நேர்காணல் செய்து, இடமின்மையால் எடுக்க முடியாமல் போன நல்ல விண்ணப்பதாரர்களை, அவர்களுடைய ஒப்புதலோடு, பக்கத்துத் தொழிற்சாலைக்கு அறிமுகப்படுத்தும் ஏற்பாட்டை இந்த அமைப்புகள் செய்ய முடியும். எங்கள் பகுதி மனிதவள அலுவலர்கள் சிலர் நட்பின் அடிப்படையில் இதைப் பல ஆண்டுகள் செய்துவந்தோம். ஒரு நிறுவனத்தில் நான்காவதாக வந்தவர் இரண்டு தெரு தள்ளியிருந்த நிறுவனத்தில் முதலிடத்தில் தேர்வாகி, இன்று அங்கே பிரிவுத் தலைவராக இருக்கிறார். அவர் இப்போது நேர்காணல் நடத்தும்போது, எடுக்க முடியாதவர்களுக்குத் தம் கைப்படக் காரணம் எழுதி அனுப்புகிறார்.

பொறியியல் கல்லூரிகளில் இறுதியாண்டு தொடங்கும் ஆடி, ஆவணி மாதங்களில் வளாக நேர்காணல்களும் தொடங்கிவிடும். அதற்கு முன்பாகத் தொழில் அமைப்புகளின் பொறுப்பாளர்களும் கல்லூரி வேலைவாய்ப்பு அலுவலர்களும் ஒருமுறை கூடி அமர்ந்து, எல்லோருக்கும் எத்தனை நாட்களுக்குள் பதில் அனுப்புவது, முடிவுக்குப் பிறகு மாணவர் எந்த முகவரிக்கு எழுதலாம் என்ற இரண்டை மட்டுமாவது முடிவுசெய்து அறிவிக்க வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மனிதவள மேலாளர்,
பீளமேடு, கோயம்புத்தூர்.